ஆண்ட்ரூ கோப்பு முறைமை

ஆண்ட்ரூ கோப்பு முறைமை (சுருக்கமாக ஏஎஃப்எஸ்) என்பது, பல வழங்கிக் கணினிகளில் பிரித்து வைக்கப்பட்டுள்ள கோப்புகளை வலையமைப்பின் வழியாக ஒரே அடைவு மரமாகப் பயனருக்குக் காட்டும் ஒரு பரவல் கோப்பு முறைமை ஆகும். அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களில் இது உருவாக்கப்பட்டது. யுனிக்ஸ் வகை இயக்குதளங்களை மனதிற்கொண்டு வடிவமைக்கப்பட்ட இம்முறைமையின் கட்டற்ற வடிவம் ஓப்பன் ஏஎஃப்எஸ் எனப்படுகிறது. லினக்சில் இதனை நிறுவி இயக்குவதே இன்று பெரும்பாலும் காணப்படும் பயன்பாடாகும்.

பயனரின் கணினி கோப்பினை ஒருமுறை வாங்கித் தன் வட்டில் வைத்துக்கொள்ளும். வழங்கி "அது மாறிவிட்டது" என்று சொல்லும்வரை அந்தப் படியையே நம்பும். இம்முறைமையின் வேகம், பெரும் எண்ணிக்கையிலான பயனர்களைத் தாங்கும் திறன் ஆகிய இரண்டும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிடைக்கின்றன. இதனை இயக்குபவர் சந்திக்கும் தொல்லைகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

தோற்றம்

1982ஆம் ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆண்ட்ரூ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரில் இடம்பெறும் ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் முதற்பெயரே திட்டத்தின் பெயராயிற்று. வளாகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி என்ற நிலை வரும்போது 5000க்கும் மேற்பட்ட கணினிகள் ஒரே கோப்புத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இலக்கு. கோப்பு முறைமையை வடிவமைத்த குழுவில் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். இவருக்கும் உடன் உழைத்த எழுவருக்கும் 2016ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது வழங்கப்பட்டது.

1989இல் டிரான்சார்க் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஏஎஃப்எஸ் வணிக மென்பொருளாக விற்கப்பட்டது. 1994இல் அந்நிறுவனத்தை ஐபிஎம் வாங்கியது. 2000ஆம் ஆண்டு ஐபிஎம் இதன் மூலநிரலைத் தன் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. ஓப்பன் ஏஎஃப்எஸ் திட்டம் அதிலிருந்து தொடங்கியது.

முதல் வடிவம் கற்பித்தது

முதல் வடிவம் ஏறத்தாழ 400 பயனர்கள், 100 கணினிகள், 6 வழங்கிகள் என்ற அளவில் பயன்படுத்தப்பட்டது. கோப்பினைப் பயனர் கணினியின் வட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போதே இருந்தது. ஆனால் கோப்பு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் "என்னிடம் உள்ள படி இன்னும் செல்லுமா?" என்று பயனர் கணினி வழங்கியிடம் கேட்டது. 1988இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் வடிவமைப்பாளர்கள் இதன் விளைவை அளந்து காட்டினர். வழங்கிக்கு வந்த வேண்டுகோள்களில் ஏறத்தாழ 62 விழுக்காடு இத்தகைய "செல்லுமா" கேள்விகள். மேலும் 27 விழுக்காடு கோப்பின் அளவு, தேதி போன்ற விவரங்களை மட்டும் கேட்டவை. கோப்பினை உண்மையாகவே எடுக்கும் வேண்டுகோள்கள் 4 விழுக்காடு மட்டுமே. சேமிக்கும் வேண்டுகோள்கள் 2 விழுக்காடு.

அதாவது வழங்கியின் உழைப்பில் பெரும்பகுதி, எதுவும் மாறவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வதிலேயே கழிந்தது. வட்டோ வலையமைப்போ முதலில் திணறவில்லை; வழங்கியின் மையச் செயலகமே திணறியது. பயனர் கணினி ஒவ்வொன்றுக்கும் வழங்கியில் ஒரு தனிச் செயல்முறை ஓடியதும், கோப்பின் முழுப் பாதைப் பெயரையும் வழங்கியே படிப்படியாகத் தேடியதும் சுமையைக் கூட்டின.

மீளழைப்பு

இரண்டாம் வடிவத்தில் கேள்வியின் திசை மாற்றப்பட்டது. கோப்பினை வழங்கும்போதே, "இதனை வேறொருவர் மாற்றினால் உனக்குச் சொல்வேன்" என்ற வாக்குறுதியையும் வழங்கி அளிக்கிறது. இது மீளழைப்பு எனப்படும். வாக்குறுதி நிலுவையில் உள்ளவரை பயனர் கணினி கேள்வியே கேட்பதில்லை. தன் வட்டிலுள்ள படியைத் திறந்து படிக்கிறது. வேறொருவர் அக்கோப்பினை மாற்றிச் சேமித்தால், வாக்குறுதி பெற்ற கணினிகள் அனைத்துக்கும் வழங்கி செய்தி அனுப்பி வாக்குறுதியை முறிக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது புதிய படி எடுக்கப்படும். பாதைப் பெயரைத் தேடும் வேலையும் பயனர் கணினிக்கு மாற்றப்பட்டது.

தொடக்கத்தில் கோப்பு முழுவதுமாக எடுத்து வைக்கப்பட்டது. மூன்றாம் வடிவத்திலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்படுகிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. எழுதும் பக்கமும் இதே பாங்குடையது: பயனர் எழுதுவது முதலில் தன் கணினியிலுள்ள இடைத்தேக்ககத்தில் தங்குகிறது, கோப்பு மூடப்படும்போது வழங்கிக்குச் செல்கிறது. இரு கணினிகளில் இருவர் ஒரே கோப்பினைத் திறந்து திருத்தினால், கடைசியாக மூடியவரின் படியே நிலைக்கும். மற்றவரின் உழைப்பு எச்சரிக்கை ஏதுமின்றி மறைந்துவிடும்.

ஆகவே தரவுத்தளக் கோப்புகளையும், பலர் ஒரே நேரத்தில் எழுதும் பதிவுக் கோப்புகளையும் இதில் வைப்பது தவறாகும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் வசதி கணினிகளுக்கிடையே செல்லுபடியாகாது. இல்ல அடைவுகள், பாட ஏடுகள், பலரும் படித்துச் சிலர் மட்டுமே மாற்றும் மென்பொருள் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது.

கலமும் தொகுதியும்

ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் உள்ள வழங்கிகளும் பயனர் கணினிகளும் சேர்ந்தது ஒரு கலம். கலத்தின் பெயர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் இணைய ஆள்களப் பெயராகவே இருக்கும். எல்லாக் கலங்களும் ஏஎஃப்எஸ் என்ற ஒரே மூல அடைவின் கீழ் தோன்றுகின்றன. எனவே ஒரு கோப்பின் பாதைப் பெயர் எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் ஒன்றே. உரிமை இருந்தால், ஒரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கோப்பினை வேறொரு நாட்டிலிருந்து அதே பெயரால் திறக்கலாம். உலகளாவிய வலைத் தளங்கள் பரவுவதற்கு முன்பே இது நடைமுறையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கலத்துக்குள் கோப்புகள் தொகுதி என்னும் அலகுகளில் அடங்குகின்றன. ஒரு பயனரின் இல்ல அடைவு ஒரு தொகுதி. ஒரு பாடத்துக்கான கோப்புகள் மற்றொரு தொகுதி. தொகுதி எந்த வழங்கியில் உள்ளது என்பது பாதைப் பெயரில் தெரியாது. அது தொகுதி இருப்பிடத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். பயனர் கணினி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

நிர்வாகிகள் இம்முறைமையை விட்டு விலகத் தயங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். வழங்கியின் வட்டு நிரம்பினாலோ பழுதாகும் நிலைக்கு வந்தாலோ, பயனர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவரது தொகுதியை வேறு வழங்கிக்கு ஒரே ஆணையால் நகர்த்தலாம். பாதைப் பெயர் மாறுவதில்லை, பயனர் அறிவதுமில்லை. வழங்கியை முழுவதுமாகக் காலி செய்து, நிறுத்தி, பழுதுபார்த்து, மீண்டும் இணைக்க முடியும். படிக்க மட்டுமான தொகுதிகளைப் பல வழங்கிகளில் படியெடுத்து வைக்கலாம். ஒன்று நின்றாலும் மற்றொன்று விடையளிக்கும். அப்படிகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. மூலத் தொகுதியை மாற்றிய பின் நிர்வாகி வெளியீட்டு ஆணையை இட்டால்தான் மாற்றம் பயனருக்குத் தெரியும். புதியவர்கள் பலர் "மாற்றினேன், மாறவில்லை" என்று குழம்புவது இங்கேதான்.

மூன்றாவது வகை, காப்புத் தொகுதி. இது ஒரு குறிப்பிட்ட நேரத்தின் நிழற்படம் போன்றது. பல கலங்களில் ஒவ்வோர் இரவும் இது எடுக்கப்பட்டு, பயனரின் இல்ல அடைவுக்குள்ளேயே "பழைய கோப்புகள்" என்ற பொருள்படும் பெயரில் இணைக்கப்படுகிறது. தவறுதலாக அழித்த கோப்பினைப் பயனர் தாமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். காப்புத் தொகுதி மூலத் தொகுதி உள்ள அதே வட்டில்தான் இருக்கும். வட்டு பழுதானால் இரண்டும் போகும். எனவே இதனை உண்மையான காப்புப் படியாகக் கருதலாகாது.

லினக்சில் வழங்கியை அமைத்தல்

ஏஎஃப்எஸ்ஸைத் தனித்து நிறுவ முடியாது. பயனர் யார் என்பதை உறுதிசெய்யும் கேர்பெரோஸ் வழங்கி முதலில் ஓட வேண்டும். கேர்பெரோஸ் நேரத்தைச் சார்ந்தது; கணினிகளின் கடிகாரங்கள் பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்நுழைவு மறுக்கப்படும். ஆகவே எல்லாக் கணினிகளிலும் வலையமைப்பு நேர நெறிமுறை இயங்குவது கட்டாயம்.

அடுத்து, கலத்துக்கென்று ஒரு சேவைப் பெயரைக் கேர்பெரோஸில் உருவாக்கி, அதன் சாவியை ஒவ்வொரு ஏஎஃப்எஸ் வழங்கியிலும் வைக்க வேண்டும். கலத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு சாவியில் அடங்கியுள்ளது. அதனைப் பெற்றவர் எந்தப் பயனரின் பெயராலும், நிர்வாகியின் பெயராலும், கோப்புகளை அணுக முடியும்.

கோப்புகள் தங்கும் வட்டுப் பிரிவுகள் வைஸ்பிஏ, வைஸ்பிபி என்று அகர வரிசையில் பெயரிடப்பட்டு மூல அடைவின் கீழ் இணைக்கப்பட வேண்டும். பழைய திட்டத்தில் வழங்கிப் பகுதிக்கு வழங்கிய வைஸ் என்ற பெயரின் எச்சம் இது. இப்பிரிவுகளுக்குள் லினக்சின் சாதாரண ஆணைகளால் நுழைந்து பார்த்தால் பயனர் வைத்த பெயர்கள் தெரியாது. முறைமையின் உள் குறியீட்டுப் பெயர்களே தெரியும். அவற்றில் ஒன்றை நேரடியாக அழிப்பது தொகுதியையே சிதைக்கும்.

வழங்கியில் ஒரு மேற்பார்வை நிரல் ஓடுகிறது. கோப்பு வழங்கி, தொகுதி வழங்கி, பயனர்-குழு விவரத் தரவுத்தளம், தொகுதி இருப்பிடத் தரவுத்தளம் ஆகியவற்றைத் தொடங்குவதும், நின்றால் மீண்டும் எழுப்புவதும் அதன் வேலை. முதல் வழங்கியை அமைக்கும்போது, நிர்வாகி என்று ஒருவர் இன்னும் பதிவாகாததால், உரிமைச் சோதனை இன்றி இந்நிரலை ஓட்டுவது பழைய வழிகாட்டிகள் கூறும் முறை. அந்நேரத்தில் வலையமைப்பிலுள்ள எவரும் ஆணையிடலாம். எனவே அதனைச் சில நிமிடங்களில் முடித்து, சோதனையை இயக்கிவிட வேண்டும், மறந்துவிடுவது பெருந்தவறு.

தரவுத்தளங்களை மூன்று வழங்கிகளில் வைப்பது வழக்கம். அவை தமக்குள் வாக்கெடுத்து ஒன்றை ஒருங்கிணைப்பாளராகத் தேர்ந்துகொள்கின்றன. பெரும்பான்மை இருந்தால்தான் எழுத முடியும் என்பதால் ஒற்றைப்படை எண்ணிக்கை நல்லது.

பயனர் கணினி

டெபியன் போன்ற வழங்கல்களில் பயனர் பகுதியும் கருனிக் கூறும் தனித்தனிப் பொதிகளாகக் கிடைக்கின்றன. ஓப்பன் ஏஎஃப்எஸ்ஸின் உரிமம் லினக்ஸ் கருனியின் குனூ பொது உரிமத்துடன் ஒவ்வாதது. எனவே இக்கூறு கருனியுடன் சேர்ந்து வருவதில்லை; கருனி மாறும்போதெல்லாம் மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். புதிய கருனி வெளிவந்து, அதற்கேற்ற ஏஎஃப்எஸ் பதிப்பு வராத இடைவெளியில் கருனியைப் புதுப்பித்தவர், மறுதொடக்கத்துக்குப் பின் தம் இல்ல அடைவு இல்லாமல் நிற்க நேரும். இதற்கு மாற்றாக, லினக்ஸ் கருனியிலேயே கேஏஎஃப்எஸ் என்னும் தனிப் பயனர் கூறு ஒன்று குனூ பொது உரிமத்தின் கீழ் எழுதப்பட்டுள்ளது.

இடைத்தேக்ககத்துக்குத் தனி வட்டுப் பிரிவு ஒதுக்குவது நல்லது. பிரிவு முழுவதையும் தேக்ககத்தின் அளவாகக் குறிப்பிடலாகாது. தேக்ககம் நிரம்பும் முன்பே வட்டு நிரம்பினால் முறைமை திணறும்.

தீயரண் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஏஎஃப்எஸ் யூடிபி நெறிமுறையில் இயங்குகிறது. வழங்கிகள் 7000 முதல் 7007 வரையிலான வாயில்களில் சிலவற்றைப் பயன்படுத்துகின்றன. பயனர் கணினியிலும் 7001ஆம் வாயில் திறந்திருக்க வேண்டும், ஏனெனில் மீளழைப்பு முறிவுச் செய்தி அங்கேதான் வருகிறது. அதனை அடைத்துவிட்டால் உடனடியாக எதுவும் பழுதாகாது. கோப்புகள் திறக்கும், சேமிக்கும். ஆனால் வேறொருவர் செய்த மாற்றம் தெரியாமல் பழைய படியையே பயனர் சிறிது நேரம் படித்துக்கொண்டிருப்பார். பிழைச்செய்தி இல்லாத பிழை என்பதால் இதனைக் கண்டறிவது கடினம். முகவரி மாற்றும் வீட்டுத் திசைவிகளுக்குப் பின்னால் உள்ள கணினிகளிலும் இந்நிலை ஏற்படுவதுண்டு.

அணுகல் உரிமை

யுனிக்ஸ் பழகியவர் மிகவும் ஏமாறும் பகுதி இது. ஏஎஃப்எஸ்ஸில் உரிமைகள் கோப்புக்கு அல்ல, அடைவுக்கே உரியவை. படித்தல், பட்டியலிடல், சேர்த்தல், நீக்கல், எழுதல், பூட்டல், நிர்வகித்தல் என்று ஏழு உரிமைகள் உள்ளன. ஒவ்வோர் அடைவுக்கும் யார் யாருக்கு எவ்வுரிமை என்ற பட்டியல் இருக்கும். பயனர்கள் தாமே குழுக்களை உருவாக்கி அவற்றுக்கு உரிமை வழங்கலாம்; நிர்வாகியை நாட வேண்டியதில்லை. மாணவர்கள் கூட்டாக ஒரு திட்டத்தில் ஈடுபடும்போது இது பெரிதும் உதவுகிறது.

வழக்கமான யுனிக்ஸ் உரிமைக் குறிகளில் உரிமையாளருக்கான மூன்று மட்டுமே கருதப்படுகின்றன, அவையும் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக. ஒரு மாணவர் தம் கோப்புக்கு 600 என்று குறியிட்டு, தாம் மட்டுமே படிக்க முடியும் என்று நினைக்கலாம். அவ்வடைவின் பட்டியலில் "எவரும்" என்ற குழுவுக்குப் படிக்கும் உரிமை இருந்தால், உலகில் எக்கலத்திலிருந்தும் அதனைப் படிக்கலாம். கோப்பினை வேறு அடைவுக்கு நகர்த்தினால் பாதுகாப்பும் மாறும். புதிய உள்ளடைவு உருவாகும்போது மேலடைவின் பட்டியல் படியெடுக்கப்படுகிறது. பின்னர் மேலடைவில் செய்யும் மாற்றம் கீழே இறங்குவதில்லை. தனிப்பட்ட கோப்புகளுக்குத் தனி அடைவு வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழக்கம்.

டோக்கன் காலாவதி

பயனர் கேர்பெரோஸ் கடவுச்சொல்லைத் தந்து சீட்டு பெறுகிறார்; அச்சீட்டைக் கொண்டு ஏஎஃப்எஸ் டோக்கன் பெறப்படுகிறது. பல நிறுவனங்களில் இதன் ஆயுள் 10 மணி நேரம் அல்லது ஒரு நாள். இரவு முழுவதும் ஓடும் கணிப்பு நிரலைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குச் செல்பவருக்கு இது கண்ணி. டோக்கன் நடுவில் காலாவதியானால், நிரல் எழுதிய முடிவுகள் வழங்கிக்குச் செல்லாது. எழுதும்போது பிழை தெரிவதில்லை; கோப்பினை மூடும்போதே தெரியும். பெரும்பாலான நிரல்கள் மூடும் அழைப்பின் விடையைச் சோதிப்பதே இல்லை. நிரல் வெற்றியுடன் முடிந்ததாகக் காட்டும். கோப்போ வெறுமையாக அல்லது பாதியாக இருக்கும்.

நீண்ட நேர வேலைகளுக்குச் சாவிக் கோப்பிலிருந்து சீட்டைத் தாமாகப் புதுப்பிக்கும் நிரல்கள் உள்ளன. முடிவுகளைக் கணினியின் உள்வட்டில் எழுதி, இறுதியில் ஏஎஃப்எஸ்ஸுக்குப் படியெடுத்துச் சரிபார்ப்பது இன்னும் எளிய வழி.

மறைகுறியும் வழுக்களும்

ஏஎஃப்எஸ் உருவான காலத்தின் டெஸ் மறைகுறி 56 இருமச் சாவியுடையது. இன்று இதனை முயன்று உடைக்க முடியும். கலத்தின் சாவி டெஸ் வகையாகவே இருக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2013ஆம் ஆண்டு ஓப்பன் ஏஎஃப்எஸ் திட்டம் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டு, வலிமையான சாவிகளை ஏற்கும் 1.6.5 பதிப்பைத் தந்தது. அதற்கு முன் அமைக்கப்பட்ட கலங்கள் சாவியை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. ஆயினும் 1.8 வரிசையிலும் வலையமைப்பில் செல்லும் தரவினை மறைக்கப் பழைய 56 இரும முறையே பயன்படுகிறது. மறைபொருளான தரவுகளுக்கு இதனை மட்டும் நம்பலாகாது.

2021 சனவரி 14 அன்று நேர்ந்தது வேறு வகை. 1970இலிருந்து எண்ணப்படும் வினாடிகள் அன்று 1610612736 ஆயின. பதினறும எண்ணில் இது 6உம் அதனைத் தொடர்ந்து ஏழு சுழியங்களும் ஆகும். உலகப் பொது நேரம் 8:25:36க்குப் பின் தொடங்கப்பட்ட 1.8 வரிசை நிரல்கள், இணைப்பு எண்ணைக் கணக்கிடும் பகுதியிலிருந்த வழுவால், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரே எண்ணைத் தந்தன. தொடர்பு குலைந்தது. அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பாதிக்கப்படவில்லை. ஏதேனும் கோளாறு என்றால் கணினியை மறுதொடக்கம் செய்வதே எவரும் முதலில் செய்வது. அன்று அவ்வாறு செய்தவர்களே நல்ல கணினியையும் இழந்தனர். 1.8.7 பதிப்பு இதனைத் திருத்தியது.

தொடர்புடைய முறைமைகள்

ஏஎஃப்எஸ்ஸின் இரண்டாம் வடிவத்திலிருந்து, வலையமைப்பு துண்டிக்கப்பட்ட நிலையிலும் இயங்கும் கோடா கோப்பு முறைமையைச் சத்தியநாராயணன் குழு உருவாக்கியது. சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் இதன் நெடுநாள் போட்டியாளர். அதன் நான்காம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒப்படைப்பு என்னும் வசதி மீளழைப்பினை ஒத்தது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான சேர்ன் நெடுங்காலம் ஏஎஃப்எஸ்ஸைப் பயன்படுத்தி, 2010களில் தானே உருவாக்கிய ஈஓஎஸ் முறைமைக்கு மாறும் பணியைத் தொடங்கியது. ஆரிஸ்டர் நிறுவனத்தின் வணிக வடிவம் புதிய மறைகுறி முறைகளுடன், பழைய ஏஎஃப்எஸ் பயனர் கணினிகளுக்கும் இசைவாக இயங்குகிறது.